லென்ஸ்காரரின் தும்மல்

லென்ஸ்காரருக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் கிடையாது. வீடு வாடகை வீடு. சட்டைகள் எல்லாம் அண்ணன் போட்டுக் கழித்தவை. அண்ணன் வருஷத்துக்கு வருஷம் பருத்துக்கொண்டே போனதால் தம்பிக்குச் சட்டைப் பஞ்சமே வந்ததில்லை. பெயர் தாத்தாவுடையது. கையெழுத்து, பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுக்காரனைப் பார்த்துப் பழகியது. முகமாவது சொந்தமா என்றால் அதுவும் இல்லை. தெருவில் எதிர்ப்படுகிறவர்களில் பாதிப் பேர் அவரை அண்ணன் என்று நினைத்துத்தான் நலம் விசாரிப்பார்கள். ஆரம்பத்தில் "நான் அவர் தம்பிங்க" என்று திருத்திப் பார்த்தார். பிறகு அலுத்துப்போய் அண்ணனாகவே நின்று பதில் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். அண்ணனின் மூட்டுவலிக்கு இவர் கேட்டு வந்த வைத்தியங்கள் கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் தும்மல் அவருடையது. அதில் அவருக்கு உள்ளூர ஒரு கர்வம் இருந்தது.

கண்ணாடிக் கடையின் பின்பக்க அறையில் உட்கார்ந்து, ஃபிரேமின் அளவுக்குத் தக்கபடி லென்ஸின் ஓரத்தை மெஷினில் தேய்த்துக் கொடுப்பது அவர் வேலை. தேய்க்கத் தேய்க்க மாவு மாதிரி வெள்ளைத் தூள் பறக்கும். மூக்கில் துணி கட்டிக்கொண்டாலும் அது எப்படியோ வழி கண்டுபிடித்துவிடும். அப்போது வரும் பாருங்கள் அந்தத் தும்மல்! முதலில் அடிவயிற்றிலிருந்து நீளமாக ஓர் இழுப்பு. அப்புறம் ஓர் இடைவெளி. வருமா வராதா என்று பக்கத்தில் இருப்பவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிற இடைவெளி. பிறகு பலகை விழுந்ததுபோல ஒரு 'டப்'. அப்பாடா, முடிந்தது என்று எல்லோரும் திரும்பும்போது, மூக்கின் ஒரு துவாரத்திலிருந்து மட்டும் மெல்லியதாக ஒரு விசில்.

"தும்மலுக்கு வால் வச்சவர் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்பாள் அவர் மனைவி.

அவர் வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனதே இல்லை. குடியிருப்பது மாடியில். படிக்கட்டுச் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டே இருக்கும். ஏறி வரும்போது கடைசித் திருப்பத்தில் அது தன் வேலையைக் காட்டிவிடும். இழுப்பு கேட்டதும் மனைவி அடுப்பைக் குறைப்பாள், 'டப்' கேட்டதும் எழுந்து நடப்பாள், விசில் முடிவதற்குள் கதவு திறந்திருக்கும். அழைப்பு மணி ரிப்பேராகி எத்தனையோ காலமாகிறது. யாரும் அதைச் சட்டை செய்யவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டவன் மச்சினன்.

மனைவியின் தம்பி அவன். இவர்கள் வீட்டின் கடைசி அறையில் கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்துகிறவன். எலக்ட்ரானிக் மியூசிக் செய்கிறான். வாத்தியம் எதுவும் வாசிக்கத் தெரியாது. தெரியவும் வேண்டியதில்லையாம். யாரோ எப்போதோ பதிவு செய்த ஓசையில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, நீட்டி, குறுக்கி, தலைகீழாகப் போட்டு, தன் பாட்டில் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். அந்தத் துண்டுக்கு அவர்கள் பாஷையில் சாம்பிள் என்று பெயர். ஒரு மேளத் தட்டு, ஒரு கதவுச் சத்தம், எவளோ இழுத்த ஒரு 'ஆ' என்று இணையத்தில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. கிடைப்பதில் குறையில்லை. எல்லோருக்கும் அதே மூட்டைதான் கிடைக்கிறது என்பதுதான் வம்பு.

மச்சினன் தன் முதல் பாட்டை முடித்துவிட்டுக் குடும்பத்தையே உட்கார வைத்துப் போட்டுக் காட்டினான். லென்ஸ்காரரின் அம்மா தலையை ஆட்டி ரசித்துக் கேட்டுவிட்டு, "நம்ம வாஷிங் மெஷின் துணி துவைச்சு முடிச்சதும் பாடுமே, அதானே இது?" என்றாள். அதேதான். கம்பெனிக்காரன் எந்த மூட்டையில் எடுத்தானோ அதே மூட்டையில்தான் இவனும் எடுத்திருந்தான். இரண்டாவது பாட்டின் மேளம் ஒரு பற்பசை விளம்பரத்தில் இருந்தது. மூன்றாவது பாட்டை அவன் யாருக்கும் போட்டுக் காட்டுவதற்கு முன்பே எதிர்வீட்டு டிவியில் கேட்டுவிட்டான்.

அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தவன், எழுந்ததும் சபதம் போட்டான். "இனிமே அடுத்தவன் சத்தத்தைக் கையால தொடமாட்டேன்க்கா. எல்லாம் ஒரிஜினல்."

அதற்கப்புறம் வீடு படாத பாடு பட்டது. மைக்கை வைத்துக்கொண்டு குழாய் சொட்டுவதை எடுத்தான், ஃபேன் முனகுவதை எடுத்தான், அம்மா செருப்பைத் தேய்த்து நடப்பதை எடுத்தான். வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேச முடியவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் போட்டுக் கேட்டால், உலகத்துக் குழாயெல்லாம் ஒரே மாதிரிதான் சொட்டுகிறது. மனம் உடைந்துபோய், சரி, படிக்கட்டின் எதிரொலியையாவது எடுப்போம் என்று மைக்கைக் கைப்பிடியில் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தான். அந்த நேரம் பார்த்து லென்ஸ்காரர் வேலை முடிந்து ஏறி வந்தார்.

இழுப்பு, இடைவெளி, டப், விசில்.

மச்சினன் துள்ளி எழுந்தான். "மாமா! இந்த மாதிரி சத்தம் நான் எங்கயும் கேட்டதே இல்ல மாமா. நீங்க ஒரிஜினல்!"

லென்ஸ்காரரை இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. சொந்த அம்மாவே "அப்படியே அண்ணனை உரிச்சு வச்சிருக்கு" என்றுதான் பிறந்த அன்று சொன்னாளாம். "எடுத்துக்கோடா மாப்ள. நல்லா எடுத்துக்கோ" என்றார். அந்த வார்த்தையை அவர் அப்புறம் நினைத்து நினைத்து நொந்துகொண்டார்.

மச்சினன் தும்மலை நாலாக நறுக்கினான். இழுப்பைத் திருப்பிப் போட்டால் புயல் கிளம்புகிற மாதிரி இருந்தது. 'டப்' மேளமாயிற்று. விசிலை நீட்டி மெட்டுப் போட்டான். சத்தமே இல்லாத அந்த இடைவெளியைக்கூட அவன் விடவில்லை. "அந்த கேப்தான் மாமா மெயின்" என்றான். இல்லாத சத்தத்தைக்கூட ஒருவன் வெட்டி எடுத்துக்கொண்டு போக முடியும் என்று லென்ஸ்காரருக்கு அன்றுதான் தெரிந்தது.

எல்லாம் சரி. ஆனால் அவனிடம் ஒரு வியாதி. எதையும் முடிக்க மாட்டான். மேளத்தை ஒரு மயிரிழை ஏற்றுவான், மறுநாள் இறக்குவான். பாட்டு முடிகிறபாடாகத் தெரியவில்லை. இவ்வளவு நல்ல சத்தம் கைவசம் இருக்கும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை. இவன் மாதிரி மியூசிக் செய்கிறவர்கள் ஒருவருக்கொருவர் சத்தங்களைக் கொடுத்து வாங்கும் ஓர் இணைய மேடை உண்டு. அங்கே போய், "நானே பதிவு செய்தது, உலகத்தில் வேறெங்கும் கிடையாது" என்று பெருமையாக அறிவித்து, நாலு துண்டையும் போட்டுவிட்டான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வேறு தாராளம். நாலு பேர் சபாஷ் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. சபாஷ் சொன்னவர்கள் எல்லோரும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போனார்கள்.

எடுத்ததை முடிக்கிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மச்சினன் மேளத்தை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தபோதே தும்மல் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டது. முதலில் ஒரு செருப்பு விளம்பரத்தில் 'டப்' வந்தது. உடற்பயிற்சி வீடியோவில் இழுப்பு வந்தது. எங்கோ ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே மேடை ஏறுகிற ஒரு கலைஞன், நாலு துண்டையும் வரிசை மாறாமல் போட்டு ஓர் ஆட்டப் பாட்டு செய்தான். அது தீப்பிடித்துக்கொண்டது. சலூனில் அது, பெட்ரோல் பங்கில் அது, பல் பிடுங்கும் டாக்டரின் காத்திருப்பு அறையிலும் அது. பாதிப் பேரின் ஃபோன் தும்மியது.

லென்ஸ்காரருக்கு முதலில் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் ஃபோன் தும்மியபோது, "சார், அது நான்தான்" என்றார். அவர் இவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுந்து போய் வேறு இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பெருமை சீக்கிரமே கசந்துபோயிற்று. கடையில் தூள் ஏறி ஒருநாள் தும்மினார். முன்பக்கம் ஃபிரேம் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் கைதட்டினாள். "யாருப்பா அது உள்ள? நல்லா பண்றாரே! ஆனா அந்த விசில் மட்டும் பாட்டுல வர்ற மாதிரி இல்ல. இன்னும் கொஞ்சம் பழகச் சொல்லுங்க."

முதலாளி உள்ளே வந்தார். "வேலை நேரத்துல மிமிக்ரி எல்லாம் வேண்டாமே" என்றார்.

"முதலாளி, இது என் தும்மல்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. என் பேரன்கூடத்தான் தும்முறான்."

அன்றிலிருந்து அவர் அடக்க ஆரம்பித்தார். தூள் மூக்கைத் தொட்டதும் தலையை இடப்பக்கம் திருப்புவார், மூக்கின் தண்டைப் பிடித்துக்கொள்வார், நாக்கை மேலண்ணத்தில் அழுத்துவார். பாதித் தும்மல் காது வழியாகவும் மீதி கண் வழியாகவும் போயிற்று. கடையில் எல்லோரும் அவர் எதற்கோ அழுகிறார் என்று நினைத்து, பேசாமல் ஒதுங்கிப் போனார்கள். வீட்டுப் படிக்கட்டில் மட்டும் வஞ்சனை இல்லாமல் தும்மிக்கொண்டார்.

அங்கேயும் ஒருநாள் அடி விழுந்தது. கடைசித் திருப்பத்தில் சுண்ணாம்பு உதிர்ந்தது. இழுத்தார், நிறுத்தினார், வெடித்தார், விசிலும் வந்தது. கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து மனைவியின் குரல் எரிச்சலோடு கேட்டது. "யார் வீட்டு ஃபோன் அது? எடுத்துத் தொலைங்களேன்!"

பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அக்கம்பக்கத்து ஃபோன்களுக்கெல்லாம் கதவைத் திறந்து திறந்து அவள் கால் ஓய்ந்துபோயிருந்தது. ஆனால் லென்ஸ்காரர் தன் வீட்டு வாசலிலேயே வெகுநேரம் நின்றார். தட்டினால் திறந்திருப்பாள். தட்டக் கை வரவில்லை. பழைய பேப்பர்காரன்கூடத் தட்டலாம், கரண்ட் கணக்கு எடுக்கிறவன் தட்டலாம். எனக்கென்று இருந்தது இது ஒன்றுதான், அதுவும் போச்சு என்று நினைத்தபோது அவருக்கு உண்மையாகவே அழுகை வந்தது. குப்பை கொட்ட வெளியே வந்த அம்மா, "இங்க என்னடா தூண் மாதிரி நிக்கிற?" என்று உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

இத்தனைக்கும் நடுவில் மச்சினன் பாட்டை முடித்தேவிட்டான். இணையத்தில் ஏற்றினான். ஏற்றிய கை கீழே இறங்குவதற்குள் அது தூக்கப்பட்டது. ஹெல்மெட்காரனின் பாட்டிலிருந்து திருடியதாக, அந்த இணையதளத்தை நடத்தும் கம்பெனியின் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிட்டதாம்.

மச்சினன் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து பார்த்தார். நாளெல்லாம் மன்றாடி, கெஞ்சி, கடைசியில் கம்பெனியின் கிளை அலுவலகத்தில் ஒரு விசாரணைக்கு வழி பண்ணினான். அந்தத் தும்மலின் சொந்தக்காரர் நேரில் வந்து தும்மிக் காட்ட வேண்டும். பொருந்தினால் பாட்டு திரும்பக் கிடைக்கும்.

"நான் வர்றேன்" என்றார் லென்ஸ்காரர். மச்சினனுக்குப் பாட்டு வேண்டும். அவருக்குத் தும்மல் வேண்டும். அது என்னுடையதுதான் என்று யாராவது ஒருத்தர் வாயால் சொன்னால் போதும் என்றிருந்தது.

மச்சினன் சாட்சிக்கும் ஆள் பிடித்தான். "அத்தை, மாமா பொறந்ததுலேருந்து இப்படித்தான் தும்முறாருன்னு நீங்க வந்து சொல்லணும்."

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "பொய்யெல்லாம் சொல்லமாட்டேன். அது அவங்க அப்பா தும்மல். சின்னதுல அவர்கிட்டயிருந்துதான் இவன் பிடிச்சுக்கிட்டான்."

லென்ஸ்காரர் திடுக்கிட்டார். அப்பா இறந்தபோது அவர் சின்னப் பையன். அவருக்கு எதுவும் நினைவில்லை. ஆனாலும் மனசைத் தேற்றிக்கொண்டார். "அப்பாவோடதுன்னா பரவால்லம்மா. பரம்பரைச் சொத்துதானே."

"என்ன பரம்பரை? அவர் கல்யாணமான புதுசுல பூனை மாதிரி தும்முவார். வேலை மாத்தலாகி ஒரு ஆபீசர்கிட்ட மாட்டினார் பாரு, அந்த ஆபீசர்தான் இந்த விசில் தும்மல் தும்முவாராம். அவரைத் தாஜா பண்ண இவரும் அதே மாதிரி தும்மப் பழகினார். பழகிப் பழகி அதுவே ஒட்டிக்கிச்சு. ஒரு இன்க்ரிமென்ட்கூட வந்துச்சுன்னா பாத்துக்கோயேன்."

மச்சினன் கைகூப்பினான். "அத்தை, நீங்க வர வேண்டாம். தயவுசெஞ்சு வந்துடாதீங்க. அந்த ஆபீசர் குடும்பத்துக்குத் தெரிஞ்சா அதுக்கு ஒரு கேஸ் வரும்."

லென்ஸ்காரருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு, தாத்தா பெயரோடு, முகம் தெரியாத ஓர் ஆபீசரின் தும்மலைத் தும்மிக்கொண்டு இத்தனை வருஷம் திரிந்திருக்கிறோம். அந்த ஆபீசர் யாரிடமிருந்து எடுத்தாரோ! போவானேன் என்றுகூட நினைத்தார். மச்சினன் முகத்தைப் பார்த்து மனசு கேட்காமல்தான் கிளம்பினார்.

அலுவலகத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த ஓர் அறை. நடுவில், ரோமத்தொப்பி போட்ட மைக். விசாரணை செய்கிற அம்மாள் ஜலதோஷக்காரர்களையே பார்த்துப் பழகிய டாக்டர் மாதிரி சாந்தமாக இருந்தாள். "எப்ப வேணும்னாலும் ஆரம்பிக்கலாம் சார்" என்றாள்.

லென்ஸ்காரர் ஆரம்பித்தார். வரவில்லை.

ஏசியைக் கூட்டினார்கள். குளிர்தான் வந்தது. மிளகுத்தூள் வரவழைத்தார்கள். அதற்கு அந்த அம்மாள் தும்மினாள். மேஜை விளக்கை முகத்தில் அடித்தார்கள். தூசி தட்டும் இறகுக் கட்டையை மூக்கடியில் ஆட்டினான் மச்சினன். அதில் இருந்த தூசிக்கு மச்சினனும் தும்மினான். வாட்ச்மேன் எட்டிப் பார்த்துவிட்டு அவரும் தும்மினார். அந்தக் கட்டிடத்தில் அன்று தும்மாதவர் லென்ஸ்காரர் மட்டும்தான். மைக்கோடு இணைந்த மெஷின் தன்பாட்டுக்கு எல்லோருடைய தும்மலையும் சோதித்து, இவை பலபேர் தும்மலோடு பொருந்துகின்றன என்று காட்டிக்கொண்டிருந்தது.

"மாமா, கொஞ்சம் மனசு வைங்க மாமா" என்றான் மச்சினன். அழுதுவிடுவான் போலிருந்தது.

வேர்த்துக் கொட்டிய முகத்தைத் துடைக்க லென்ஸ்காரர் பையிலிருந்து துணியை எடுத்தார். அது கைக்குட்டை இல்லை. கடையில் மெஷின் துடைக்கிற துணி. அவசரத்தில் மாற்றி எடுத்து வந்திருக்கிறார். முகத்தருகே கொண்டுபோனதும் வெள்ளைத் தூள் குபீரென்று கிளம்பியது.

வந்துவிட்டது. ஆனால் அத்தனை நாள் அடக்கிப் பழகிய உடம்பு சும்மா இருக்குமா? தலை தானாக இடப்பக்கம் திரும்பியது, நாக்கு போய் மேலண்ணத்தில் ஒட்டியது. இழுப்பு வர வேண்டிய இடத்தில் ஒரு விக்கல். 'டப்' வர வேண்டிய இடத்தில் இரும்பு வாளியில் தேங்காய் உருண்ட மாதிரி ஒரு சத்தம். அப்புறம், விசிலே இல்லை. அதற்குப் பதிலாக, 'ம்ம்ம்' என்று யாரோ எதற்கோ ஒத்துக்கொள்வதுபோல ஒரு நீண்ட முனகல்.

மெஷின் ஓடியது. அந்த அம்மாள் திரையைப் பார்த்தாள். "மன்னிக்கணும் சார். பாட்டுல இருக்கறது உங்க தும்மல் இல்ல."

மச்சினன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப யாரோடது?" என்றார் லென்ஸ்காரர், ஈனக்குரலில். "இதாவது யாரோடதுன்னு பாத்துச் சொல்லுங்கம்மா. எங்கப்பாவோட ஆபீசரோடதா?"

"எந்த ஆபீசர்?" என்று அவள் விழித்தாள். மச்சினன் அவசரமாக இருமினான். அவள் எதையோ தட்டினாள். மெஷின் இந்த முறை நிதானமாகத் தேடியது. அதன் வசம் இருந்த பாட்டுகள், விளம்பரங்கள், ஃபோன் மணிகள், மூட்டை மூட்டையான சாம்பிள்கள் எல்லாவற்றையும் துழாவியது. அந்த நேரமெல்லாம் லென்ஸ்காரர் பரீட்சை முடிவுக்கு நிற்கும் பிள்ளைபோல நின்றார்.

"எதோடயும் பொருந்தல சார்."

"அப்படின்னா?"

"அப்படின்னா இது புதுசு. இந்த மாதிரி சத்தம் எங்ககிட்ட வந்ததே இல்ல."

"இன்னொரு தரம் சொல்லுங்கம்மா."

அவள் சொன்னாள். அவர் மேஜையைச் சுற்றிப் போய்த் திரையைத் தன் கண்ணால் பார்த்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கேஸில் தோற்றவர் அப்படிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்து அந்த அம்மாள் பார்த்திருக்க மாட்டாள். வெளியே வாட்ச்மேனுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தார்.

வீட்டுப் படிக்கட்டில் கால் வைத்ததும் மச்சினன் மெல்ல ஆரம்பித்தான். "மாமா, அது புதுசுன்னு சொன்னாங்கள்ல? கடைசியில வந்துச்சே ஒரு 'ம்ம்ம்'..." பேசிக்கொண்டே அவன் கை சட்டைப் பைக்குப் போயிற்று.

"ஃபோனை அணைச்சு என் கையில குடு."

"மாமா, ஒரே ஒரு தடவை..."

"குடுடா."

கொடுத்தான். கடைசித் திருப்பத்தில் சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. லென்ஸ்காரர் மூக்கைப் பிடிக்கவில்லை, எதையும் தடுக்கவில்லை. தலை தானாகத் திரும்பியது. விக்கல், வாளி, தேங்காய், அந்த நீண்ட 'ம்ம்ம்'. படிக்கட்டு முழுக்க எதிரொலித்து அடங்கியது.

உள்ளே யாரும் யாரையும் ஃபோனை எடுக்கச் சொல்லவில்லை. தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. கையில் கரண்டியோடு மனைவி வேகமாகக் கதவைத் திறந்தாள்.

"யாருங்க அது?" என்றாள்.

"நான்தான்" என்றார் லென்ஸ்காரர்.